கொடாநிலை அத்தான்

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு மூன்று பெயர்கள். அடையாள அட்டையில் இருப்பதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேலை செய்யும் இடத்தில் அவர் ‘கம்ப்யூட்டர் சார்’. வீட்டில் ‘கொடாநிலை’. இந்த மூன்றாவது பெயரை வைத்தவள் என் அக்கா. யாராவது காரணம் கேட்டால், “கேட்டா கொடுக்க மாட்டார், கொடுத்துட்டா சொல்லிக் காட்டாம விட மாட்டார், அதான்” என்பாள். அதில் பொய்யில்லை. நானும் அவரும் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதை மாதம் ஒருமுறையாவது எனக்கு நினைவுபடுத்துவார்.

ஆனால் பெயரின் மூலம் வேறு. இருபது வருடங்களுக்கு முன்னால், லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும் கணினிகளின் திரையில் வரும் ஆங்கில வார்த்தைகளைத் தமிழாக்க வேண்டும் என்று பல ஊர்களில் இருந்த சிலர் இணையத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, நன்றி சொல்ல ஆளும் கிடையாது. அப்படிப்பட்ட வேலை என்றால் அத்தானுக்கு உயிர். அச்செடுப்பது சம்பந்தமான வார்த்தைகள் அவர் பங்குக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் வாக்கியங்களை முடித்தார். அதில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மூன்று மாதம் இழுத்தது.

நாம் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாதபோது கணினி தானாக எதை எடுத்துக்கொள்கிறதோ, அதை ஆங்கிலத்தில் டீஃபால்ட் என்பார்கள். இரண்டு பிரிண்டர்கள் இருக்கின்றன, எதில் என்று சொல்லாமல் ‘அச்சிடு’ என்று அழுத்தினால் எதற்குப் போகுமோ அது டீஃபால்ட் பிரிண்டர். இதற்கு ‘வழக்கமானது’ என்று போட்டால் போதும் என்றார்கள் குழுவில் சிலர். அத்தான் கொதித்துப்போனார். நாம் எதையும் கொடாத நிலையில் நடப்பது, ஆகவே ‘கொடாநிலை’ என்பது அவர் கட்சி. அந்த வார்த்தையை அவரே பெற்றாரா, வேறு யாரோ பெற்றதை எடுத்து வளர்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. சண்டை போட்டது அவர்தான். அக்காவுக்கு அப்போது தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழுவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் மனிதர். பெண் பிறந்த சேதியை நர்ஸ் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் எதிர்க்கட்சி ஓய்ந்துபோய் விட்டுக்கொடுத்தது. வார்த்தை நிலைத்தது. “உலகத்துல எந்த மூலையில ஒருத்தன் தமிழ்ல பிரிண்ட் எடுத்தாலும், அங்க என் வார்த்தைதான் வரும்” என்று அத்தான் கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் சொல்வார். எத்தனை பேர் அப்படித் தமிழில் எடுக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சுலபம். எனக்குத் தெரிந்து, ஒருவர்.

அந்த ஒருவர் எங்கள் கண்ணாடியம்மா. பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில் ஒன்பது வருடம் கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் கழுவியவர், அதனால் அந்தப் பெயர். இப்போது அவர் முன்பக்கம் கவுண்டரில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், புதிதாக வருபவர்கள் பெயருக்கு அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழுவும் மருந்தில் அவர் விரல்கள் வெந்து தோல் உரிந்துவிட்டது. கையுறை போட்டாலும் தாங்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனபோது, “எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் டாக்டர், தமிழ்ல மட்டும்” என்று கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் கேட்டார். அத்தான் நடுவில் புகுந்து, அதுக்கென்ன, கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றித் தருகிறேன் என்றார். அவர் இரக்கப்பட்டாரா, தன் வார்த்தைக்கு ஒரு வாசகர் கிடைத்தாரே என்று பாய்ந்தாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம். எப்படியோ, ஆறு மாதத்தில் அந்த அம்மாவின் விரல்கள் ஆறிவிட்டன. ஒவ்வொரு வார்த்தையையும் எழுத்துக்கூட்டிப் படித்து, புரிந்த பிறகே பொத்தானை அழுத்துவார். இதுவரை ஒருவர் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போனதில்லை.

கவுண்டரில் இருந்த சின்ன பிரிண்டர் பேப்பரைக் கடித்துத் துப்ப ஆரம்பித்ததில்தான் வினை தொடங்கியது. அதை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு, டாக்டரம்மா பெரிய பிரிண்டர் ஒன்றை வரவழைத்து மாடியில் தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். கீழே கவுண்டரிலிருந்து அச்சிட்டால் மேலே அவர் கைக்கெட்டும் தூரத்தில் ரிப்போர்ட் வரும், அவர் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்புவார். நெட்வொர்க் பிரிண்டர். இரண்டுக்கும் நடுவில் பதினெட்டுப் படியும் ஒரு கேபிளும்.

“லினக்ஸ்ல இது வேலை செய்யுமா? இல்ல, எல்லாரையும் போல நாமளும் இங்கிலீஷ் கம்ப்யூட்டருக்கே மாறிடலாமா?” என்றார் டாக்டரம்மா.

“மதியத்துக்குள்ள முடிச்சுடுவேன் டாக்டர்” என்றார் அத்தான், இரண்டாவது கேள்விக்கும் சேர்த்து.

சொன்னபடி முடித்தும் விட்டார். மாடிக்கும் கீழுக்கும் நாலு தடவை ஓடினார். பிரிண்டரின் சின்னத் திரையில் அதன் முகவரி வந்தது, நடுவில் புள்ளி வைத்த நாலு எண்கள். அது நாளுக்கு ஒரு முகவரிக்குக் குடிபோய்விடாதபடி ஒரே எண்ணில் கட்டிப்போட்டார். கீழே வந்து ‘அச்சுப்பொறியைச் சேர்’ என்பதை அழுத்தி, அந்த எண்ணைக் கொடுத்து, பட்டியலில் அந்த மாடலைத் தேடிப் பிடித்தார். பழைய பிரிண்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமே என்றேன். “ரிப்பேர் ஆகி வரும்ல, இருக்கட்டும் மச்சான்” என்றார். எதையும் கையை விட்டு விடுகிற ஆளா அவர். கடைசியாகப் புதிய பிரிண்டருக்குப் பக்கத்தில் ‘கொடாநிலை அச்சுப்பொறி’ என்றிருந்த கட்டத்தில் ஒரு டிக். அதைப் போடும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலே பக்கம் ஒன்று அழகாக வந்து விழுந்தது.

கண்ணாடியம்மாவுக்கு ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். காலையில் வந்ததும் திரையில் அச்சுப்பொறி ஜன்னலைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்கவும். சரியில்லாவிட்டால் சரிசெய்யவும். ஏழாவது வரி அது. அந்த அம்மா தாளை மடித்து மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, பத்து ரிப்போர்ட் அனுப்பியும் மாடியில் ஒரு தாள் வரவில்லை. அத்தான் ஓடி வந்து பார்த்தார். டிக் போய்விட்டிருந்தது. டிக் இல்லாததால் எல்லாம் பழைய பிரிண்டர் பெயருக்குப் போய், ரிப்பேர் கடையில் கிடக்கும் அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தன. தாள் வந்ததா என்று பார்க்கக் கண்ணாடியம்மா மாடிக்குப் போயிருந்த நேரத்தில் மறுபடி போட்டார், வேலை செய்தது. நாள் முழுக்கச் செய்தது. புதன்கிழமை காலை மறுபடி போய்விட்டிருந்தது.

அத்தானுக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கணினியை அணைத்துப் போட்டதும் மறந்துபோகிறது என்றார். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார், மறக்கவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றினார். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். ஆங்கிலத்தில் இருக்கும் உலகத்து இணைய மன்றங்களில் எல்லாம் போய்த் தன் வியாதியைச் சொன்னார். அப்படி ஒரு வியாதியே கிடையாது என்று நாலு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் மட்டும், வேறு யாராவது அதைத் தொடுகிறார்களா என்று கேட்டிருந்தார். “இவனுக்கு ஒண்ணும் தெரியல” என்று அத்தான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் டாக்டரம்மா அத்தானையும் கண்ணாடியம்மாவையும் மேலே கூப்பிட்டார். ரத்த மாதிரிகளை வைக்க நானும் அங்கே இருந்தேன்.

“நாளைக்குக் காலையிலயும் இப்படித்தான்னா, ஞாயித்துக்கிழமை ஆள் வந்து எல்லாத்தையும் இங்கிலீஷுக்கு மாத்திடுவாரு. நான் பேசிட்டேன். கோவிச்சுக்காதீங்க. பேஷன்ட் எல்லாம் கீழ கத்துறாங்க.”

“அப்ப நான், டாக்டர்?” என்றார் கண்ணாடியம்மா.

“நீங்க எங்கயும் போக வேண்டாம்மா. உள்ள உங்க பழைய வேலை இருக்குல்ல.”

கண்ணாடியம்மா தன் கைகளை ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். படியிறங்கும்போது அத்தானிடம், “விடுங்க சார், உங்களால ஆனதைச் செஞ்சீங்க” என்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு ஒரு டிக்கை ஒரு ராத்திரி காப்பாற்றத் தெரியவில்லையே என்று இருந்தது.

வியாழக்கிழமை வழக்கத்தைவிட அரைமணி முன்னால் போய்விட்டேன். ஊசிகளை அடுக்கும் சாக்கில் கவுண்டர் தெரிகிற இடத்தில் நின்றேன். கண்ணாடியம்மா வந்தார். பையை வைத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்த தாளைப் பிரித்து ஏழாவது வரியில் விரல் வைத்துப் படித்தார். அச்சுப்பொறி ஜன்னலைத் திறந்தார். உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் ‘ச்’ என்று நாக்கைத் தட்டினார். பிறகு மௌஸை நிதானமாக நகர்த்தி, டிக்கை எடுத்துவிட்டார்.

நான் கிட்டப் போனேன். “என்னம்மா பண்றீங்க?”

“பாரு தம்பி, இன்னைக்கும் வச்சிருக்காங்க. யாரு பண்றாங்கன்னே தெரியல. நானும் தினம் எடுத்து விடுறேன்.”

“எதை?”

“இதைத்தான். ‘கொடா நிலை அச்சுப்பொறி’ன்னு போட்டு டிக் அடிச்சிருக்காங்க. கொடா நிலைல வச்சா அது எப்படிப்பா பேப்பர் கொடுக்கும்? கொடுக்காதுல்ல?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அது அடங்கியும் போனது. மூன்று நாளாக அந்த அம்மா யாரிடமும் பெருமை பேசாமலே, பிரிண்டரைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். எழுதிக் கொடுத்ததை எழுத்துத் தப்பாமல் செய்ததற்குத்தான் இந்தத் தண்டனை.

அத்தான் உள்ளே வந்ததும் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். நான்கு பக்கத்துக்குப் பேசக்கூடிய விஷயம் அது. ஆனால் அவர் ‘கொடா’ என்று முனகினார், பிறகு ‘கொடா நிலை’ என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தார். அந்த வார்த்தையை முதல்முறையாக யாரோ எழுதிய வார்த்தையைப் போலக் கேட்கிறார் என்று தோன்றியது. இருபது வருடமாக அக்கா அதே அர்த்தத்தில்தான் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அப்போதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அதற்குள் டாக்டரம்மா படியிறங்கி வந்துவிட்டார். மேலே தாள் வரவில்லை.

“என்ன ஆச்சு?”

கண்ணாடியம்மா எழுந்து நின்றார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். “நான்தான் டாக்டர் காரணம். டிக்கை நான்தான் தினம் எடுத்துருக்கேன். தப்பா புரிஞ்சுக்கிட்டேன்.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “இதுக்குத்தாம்மா சொன்னேன். இந்த சீட்டுக்கு விஷயம் புரிஞ்ச ஆள் வேணும்னு.”

இந்த இடத்தில் அத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிரிண்டரை அமைத்ததில் அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. கேபிள் சரி, முகவரி சரி, டிக் சரி. அவருக்கு வேண்டியதும் அதுதான் என்று நான் நினைத்தேன். அவர் கையைத் தூக்கினார், வகுப்பில் பையன்கள் தூக்குவது மாதிரி.

“அவங்க சரியாத்தான் படிச்சாங்க டாக்டர். எழுதினதுதான் தப்பு.”

“எழுதினது யாரு?”

“நான்தான்.”

“நீங்களா? கம்ப்யூட்டர்ல இருக்கறதையா?”

“ஆமா டாக்டர். இருபது வருஷம் ஆச்சு.”

கல்யாண வீடுகளில் எத்தனையோ தடவை அவர் சொல்லிக் கேட்ட செய்தி இதுதான். அன்றைக்கு அவர் அதைச் சொன்ன குரல் வேறு. அவர்மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு இந்த வம்சாவளி எல்லாம் வேண்டியிருக்கவில்லை. “அப்ப மாத்துங்க. ஒரு மணி நேரம் தரேன். இந்தம்மாவே அடிச்சு, மேல எனக்கு வரணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் கண்ணாடியம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “அம்மா, எதுவும் சொல்லாட்டி எப்பவும் இந்தப் பிரிண்டருக்குத்தான் போகணும். அதுக்கு என்ன போட்டா உங்களுக்குப் புரியும்?”

“அதான் நீங்களே சொல்லிட்டீங்களே சார். எப்பவும் இதுலயேன்னு போடுங்க.”

மூன்று மாதம் இழுத்த வார்த்தை மூன்று நொடியில் முடிந்தது. ‘எப்பவும் இதுலயே’ என்பதை ‘எப்போதும் இதிலேயே’ என்று மாற்றாமல் அவரால் இருக்க முடியவில்லை, அது வேறு விஷயம். வார்த்தைகள் இருக்கும் கோப்பைத் திறந்து பழையதைத் தேடி எடுத்துவிட்டுப் புதியதை வைத்து மூடினார். கண்ணாடியம்மா ஜன்னலைத் திறந்து படித்தார். “ம், இது சரி” என்று அவரே டிக் அடித்தார். அன்று காலை தேங்கிய பதினொரு ரிப்போர்ட்டையும் மறுபடி அனுப்பினார், அவை மாடியில் வரிசையாக வந்து விழுகிற சத்தம் கீழே வரை கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய ஆளை டாக்டரம்மா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் என் அத்தான் இல்லை. உலகத்தையும் திருத்த வேண்டாமா. அந்தப் பழைய குழுவுக்கு, இப்போது அதில் இருப்பவர்கள் யாரென்றே தெரியாமல், வார்த்தையை மாற்றும்படி ஒரு விண்ணப்பம் அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இது நெடுங்காலமாக நிலைபெற்ற சொல், இதைப் பற்றி ஒரு மூத்தவர் அந்தக் காலத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார், படித்துப் பார்க்கவும் என்று நான்கு பக்கக் கடிதம் ஒன்றை இணைத்திருந்தார்கள். ‘சாதாரண மக்களுக்கு இது புரியாது என்பவர்கள் சாதாரண மக்களை அவமதிக்கிறார்கள்’ என்பது அதில் கடைசி வரி. அத்தான் கையெழுத்தையும் தேதியையும் பார்த்தார். தேதி என் அக்கா மகளின் பிறந்தநாள்.

“பதில் எழுதலையா?” என்றேன்.

“என்னன்னு எழுத? அவன் நல்லா எழுதியிருக்கான்” என்றார்.

குழுவில் மாறாததால் ஒரு தொல்லை பாக்கி. கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் அத்தான் கையால் மாற்றியது அழிந்து, ‘கொடாநிலை’ திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்த நாட்களில் அவர் கண்ணாடியம்மா வருவதற்கு முன்னாலேயே வந்து, தன் வார்த்தையைத் தானே எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நிற்பார். கண்ணாடியம்மா வந்து ஜன்னலைத் திறந்து படிப்பார். “எல்லாம் சரியா இருக்கு சார்.” “சரிம்மா.” இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் அத்தானுக்குக் காய்ச்சல். படுக்கையில் கிடந்தார். நான் வேலைக்குக் கிளம்பும் முன் மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன், அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் போன் அடித்தது. கண்ணாடியம்மா. ஸ்பீக்கரில் போட்டோம்.

“சார், உடம்பு எப்படி இருக்கு? ஒண்ணுமில்ல, உங்க வார்த்தை திரும்ப வந்திருக்கு. நீங்க காலைல வந்து எடுப்பீங்கல்ல, இன்னைக்கு நீங்க வரலைல்ல. டிக்கை நான் தொடல. வார்த்தையை மட்டும் எடுக்கணும், எப்படின்னு சொன்னீங்கன்னா நானே எடுத்துடுவேன்.”

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொன்னார். எந்தக் கோப்பு, எதை அழுத்த வேண்டும், எங்கே தேட வேண்டும். அந்தப் பக்கம் கண்ணாடியம்மா ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ போட்டார்.

“தேடுற கட்டம் வந்துருச்சு சார். எதைத் தேடணுமோ அதை எழுதச் சொல்லுது. எழுத்துப் பிழை வந்துடப் போகுது, ஒரு தடவை சொல்லிடுங்க.”

“கொ” என்றார் அத்தான். பிறகு “டா” என்றார். “நி. லை.”

“அவ்வளவுதானா சார்?”

“அவ்வளவுதாம்மா. எடுத்துடுங்க.”

போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா அவர் போர்வையை இழுத்துவிட்டாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், இருபது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பெருமையில்லாமல் இன்றைக்குத்தான் கேட்டதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.